ஒரு பிரெஞ்சு ஊரை விசாரித்த கதை

1

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, இந்தப் பொம்பளை ஏன் எல்லாரையும் இப்படிப் பார்க்கிறாள் என்று நீங்கள் கேட்கக் கூடாது. நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் ஆப்பிள் பை செய்து எடுத்துக்கொண்டு வந்தார். இவருக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே தெரிந்துவிட்டது. அவர் வெளியூர் போகும்போது அவருடைய பூனைக்கு நான் சாப்பாடு வைக்க வேண்டுமாம். என் சந்தேகம் பெரும்பாலும் வீண் போவதில்லை.

அதனால்தான் என் கணவர் கலீல் பார்சிப்பனி ஆபீஸிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், சிரித்த முகத்தோடு சோபாவில் உட்கார்ந்ததும் ஏதோ கெட்ட செய்தி என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நூரு, பிரான்ஸுக்குப் போலாமா?"

"ஏன், வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"சேச்சே. எங்க டீமையே அங்க மாத்துறாங்க. மூணு ஊர்ல ஆபீஸ் இருக்கு. எந்த ஊர் வேணும்னு நம்மளே சூஸ் பண்ணிக்கலாம்."

"போகலன்னா?"

ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். பிடிக்காத கேள்வியைக் கேட்டால் இவருக்குக் கைக்கு ஒரு வேலை வந்துவிடும்.

"போகலன்னா இங்க வேற வேல தேடிக்கணும்" என்றார் ஷூவிடம்.

அதாவது தூக்கிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது கையில் மூன்று ஊர்ப் பெயரைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். துலூஸ், கிரெனோபிள், லில். மூன்றையும் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

2

ஊரில் இருக்கும் நீங்கள், "அமெரிக்காவை விட்டு யாராவது போவாங்களா?" என்று கேட்பீர்கள். என் தங்கை கேட்டேவிட்டாள். "கிரீன் கார்டு வாங்காமயா இத்தன வருஷம் இருந்தீங்க?" என்றும் கேட்டாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? அது வாங்குகிற பொருள் இல்லையடி, வரிசை. அந்த வரிசையில் நாங்கள் நிற்கிறோம், எங்களுக்கு முன்னால் இந்தியாவே நிற்கிறது.

எங்களுக்கு ஒரே மகள், நஸ்ரின். பதினேழு வயது. திருநெல்வேலியில் பிறந்தவள், இரண்டு வயதில் இங்கே தூக்கிக்கொண்டு வந்தோம். அவள் இருப்பதும் கலீலின் விசாவில்தான். இருபத்தொன்று முடிந்தால் அந்தத் தயவு கிடையாது. வளர்ந்த ஊரிலேயே அந்நிய நாட்டு மாணவியாக விசா வாங்க வேண்டும், இல்லையென்றால் வெளியேற வேண்டும். இந்த நினைப்பில் நான் சரியாகத் தூங்கிப் பல வருடமாகிறது.

ஆகவே பிரான்ஸ் என்றதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. பதினெட்டு முடிவதற்குள் எங்களோடு வந்துவிட்டால் அவள் பேப்பரும் எங்கள் பேப்பரோடு சேர்ந்துவிடும். அங்கேயே படிக்கலாம், வேலைக்குப் போகலாம், யாரும் வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். நியூ பிரன்ஸ்விக் பக்கம் ஒரு காலேஜில் அவளுக்கு முன்பே இடம் கிடைத்திருந்தது. அதை இனி விட்டுவிடுவாள் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டோம்.

"நஸ்ரி, பிரான்ஸுக்கு வர்றியாம்மா?" என்று கேட்டதற்கு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "லெட்ஸ் சீ" என்றாள். பிறந்ததிலிருந்து நான் தமிழில் கேட்கிறேன், பேச்சு வந்ததிலிருந்து அவள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள். அது பழகிப்போன விஷயம். அந்த "லெட்ஸ் சீ"தான் எனக்கு உறுத்தியது. அவளுக்குப் பிடிக்கிற மாதிரி ஊராகப் பார்த்துவிட்டால் வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வர வேண்டும். எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

3

ஆபீஸிலேயே ஒரு அம்மாளை ஏற்பாடு செய்திருந்தார்கள். வீடு மாறுவோருக்கு ஆலோசனை சொல்வதுதான் அவர் வேலை. வீடியோவில் வந்து மூன்று ஊரையும் படம் படமாகக் காட்டினார். துலூஸில் கட்டடமெல்லாம் ரோஸ் கலர் செங்கல், எப்போதும் வெயில். கிரெனோபிளைச் சுற்றி மலை. லில்லைக் காட்டும்போது மட்டும் குடையோடு நடக்கிறவர்கள் இருந்தார்கள், சட்டென்று அடுத்த படத்துக்குத் தாவிவிட்டார். எந்தப் படத்திலும் ஒரு குப்பைத் தொட்டி இல்லை. குப்பையே போடாத ஊர் உலகத்தில் உண்டா? எனக்கு அந்த அம்மாள் மீது நம்பிக்கை போய்விட்டது.

"எல்லாம் ஆன்லைன்ல இருக்கே, ரிவ்யூ படிச்சா போச்சு" என்றார் கலீல். இவர் அப்போதே காரில் போகும்போது பிரெஞ்சுப் பாடம் போட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தார். பார்க்வே ஹைவேயில் டிராஃபிக்கில் நிற்கும்போது, எனக்கு ஒரு கோழி வேண்டும், உங்கள் அக்கா எங்கே என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் எங்கள் ஊர் வழியில் போக முடிவு செய்தேன். எங்கள் பக்கம் ஒரு பெண்ணை வெளியூரில் கொடுப்பதாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த ஊருக்கு ஆள் போய் விசாரிப்பார்கள். டீக்கடையில், பள்ளிவாசல் வாசலில், எதிர்வீட்டில். எதற்காகக் கேட்கிறோம் என்று வாயே திறக்கக் கூடாது. திறந்தால் அவ்வளவுதான், "தங்கமான பையன், தங்கமான குடும்பம்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல காரியத்தைக் கெடுத்த பாவம் தனக்கெதற்கு என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கலீலையும் அப்படித்தான் விசாரித்தார்கள். "பையன் நல்லவன், ஆனா வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னாராம். அந்த மனுசன் சொன்னதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை.

பிரான்ஸில் எதிர்வீட்டுக்காரரை எங்கே தேடுவது? இங்கே நியூ ஜெர்சியில், ஐசலினில் நாங்கள் ஹலால் கறி வாங்கும் கடைக்காரர் காரைக்கால்காரர். காரைக்காலில் பாதிக் குடும்பத்துக்குப் பிரான்ஸில் ஆள் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கேட்டேன். "துலூஸ்லதானே? நம்ம மரியம் லாத்தா இருக்காங்களே, முப்பது வருஷமா" என்று உடனே நம்பர் கொடுத்தார். எதற்கு என்று அவர் கேட்டார். "சும்மா" என்றேன். அவர் அர்த்தத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

4

லாத்தா என்றால் எங்களில் அக்கா. மரியம் லாத்தாவின் குரல் கணீரென்று இருந்தது. முப்பது வருடம் பிரான்ஸில் இருந்தும் பேச்சில் காரைக்கால் அப்படியே இருந்தது.

"லாத்தா, எங்க குடும்பத்துல ஒரு பொண்ணு துலூஸுக்கு வர்ற மாதிரி இருக்கு. அதான், ஊர் எப்புடின்னு கேக்கலாம்னு..."

அப்படியா என்று இழுத்தார் லாத்தா. பிறகு குரலில் தேன் ஒழுகியது.

"ஊருக்கு என்னாமா கொற? தங்கமான ஊரு. நல்ல வெயிலு. மனுசங்க மரியாதியானவங்க. ஒரு சண்ட சச்சரவு கெடையாது."

"முக்காடு போட்டுக்கிட்டு வெளிய போறதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"

"நான் போட்டுக்கிட்டுத்தானே கடகண்ணிக்குப் போறேன். ஸ்கூலுக்குள்ளதான் புள்ளைங்க போடக் கூடாது. கல்யாணம் ஆன பொண்ணுக்கு அதப் பத்தி என்னா?"

கல்யாணம் ஆன பொண்ணு என்றது என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். நஸ்ரின் முக்காடு போடுவதில்லை, அதனால் அந்தக் கவலை அவளுக்கு வராது. நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

"டாக்டர் வசதியெல்லாம்?"

"கைக்கெட்டுற தூரத்துல. அது சரி, பொண்ணு என்னா படிச்சிருக்கு?"

"காலேஜ் சேர்ற நேரம்."

"சமைக்குமா? நல்லா ஒசரமா?"

ஒசரமா என்று எதற்குக் கேட்கிறார்? எனக்கு அப்போதே முள் குத்தியது. போனை வைத்துவிட்டு கலீலிடம் சொன்னேன். "இவங்க வீட்டு புரோக்கர்னு நெனைக்கிறேன். ஒரு கொறகூட சொல்ல மாட்டேங்கிறாங்க. உயரம் வேற கேக்குறாங்க."

"பழைய வீடா இருக்கும். சீலிங் தாழ்வா இருக்கும்" என்றார் கலீல். மனுசன் சீரியஸாகத்தான் சொன்னார்.

5

மறுநாள் வாட்ஸாப்பில் படங்கள் வந்தன. வரவேற்பறை, சமையலறை, பால்கனி. கேட்காமலே அனுப்புகிறார் என்றால் வீட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றுதானே அர்த்தம்? ஆனால் ஒவ்வொரு படத்திலும் ஒரு பையன் நின்றான். சமையலறையில் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு, பால்கனியில் கம்பியில் சாய்ந்துகொண்டு, வரவேற்பறையில் கோட்டு போட்டுக்கொண்டு. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும்.

"இது யாருங்க? வாடகைக்கு இருக்கிறவனா? அவனைக் காலி பண்ணச் சொல்லிட்டு நம்மகிட்ட குடுக்கப் பாக்குறாங்களோ?"

"சைஸ் தெரியறதுக்கு நிக்க வச்சிருப்பாங்க" என்றார் கலீல்.

நஸ்ரின் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மூன்று படத்தையும் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். ஏனடி சிரிக்கிறாய் என்றால், "நத்திங்" என்றாள். பிறகு அவளாகவே, ஞாயிற்றுக்கிழமை லாத்தாவோடு வீடியோ கால் போடலாம், தானும் உட்காருகிறேன், தனக்கும் சில கேள்விகள் இருக்கின்றன என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாருங்கள், எல்லாரையும் சந்தேகப்படுகிறவள் அந்த இடத்தில் சந்தேகப்படவில்லை. பிள்ளைக்கு ஊர் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். அன்று அவளுக்குப் பிடித்த பிரியாணி போட்டேன்.

6

ஞாயிற்றுக்கிழமை வீடியோவைத் திறந்தால் அந்தப் பக்கம் ஒரு குடும்பமே சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் பட்டுப் புடவையில் மரியம் லாத்தா. பக்கத்தில் அவர் தங்கை. ஓரத்தில் கோட்டு சூட்டில் அந்தப் பையன். முன்னால் மேசையில் பேரீச்சம்பழம், பலகாரம். போனில் எப்படி எடுத்துச் சாப்பிடுவது என்று எனக்குப் புரியவில்லை. இந்தப் பக்கம் நான் நைட்டிக்கு மேல் துப்பட்டா, கலீல் டீ ஷர்ட், நஸ்ரின் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஹூடியில்.

"பொண்ணு இதானா?" என்றார் லாத்தா. முகத்தில் லேசாக ஒரு சறுக்கல். சமாளித்துக்கொண்டார். "கேளும்மா, என்னா வேணும்னாலும் கேளு."

நஸ்ரின் கேட்டாள். தமிழில் கேட்டாள்! அமெரிக்க வாடையோடு, தேடித் தேடி, ஆனால் தமிழில். அபார்ட்மென்டில் லிஃப்ட் இருக்கிறதா? கார் ஓட்டாதவர்கள் பஸ்ஸிலேயே எல்லா இடத்துக்கும் போகலாமா? சுகர் டாக்டர் இங்கிலீஷ் பேசுவாரா? பகலில் வீட்டில் தனியாக இருக்கிற பெண்ணுக்குப் பேச்சுத் துணைக்குத் தமிழ் ஆட்கள் பக்கத்தில் உண்டா? பிரெஞ்சு தெரியாத பெரியவர்களுக்கு வகுப்பு நடக்குமா?

லாத்தா பூரித்துப் போனார். "மாஷா அல்லாஹ், இந்த வயசுல என்னா பொறுப்பு!" என்று தங்கையின் தொடையில் தட்டினார். "சரிம்மா, நீ இங்க வந்து என்னா படிக்கப் போற?"

நஸ்ரின் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் வரல ஆன்ட்டி. உம்மாவும் வாப்பாவும்தான் வர்றாங்க. நான் இங்கதான் காலேஜ் போறேன்."

கலீல் மகளைத் திரும்பிப் பார்த்தார். முதலில் லாத்தாவுக்குத்தான் வாய் வந்தது.

"அப்போ பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?" என்றேன் நான். என் காதில் அந்த "நான் வரல" மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

"என் தங்கச்சி மவனுக்குத்தானே நீங்க விசாரிக்கிறீங்க? கறிக்கடத் தம்பிகூட, விசாரிக்கிறாங்கன்னு போன் பண்ணிச்சே."

"ஷீ இஸ் செவன்டீன்!" என்று கலீல் கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"பதினேழா! யா அல்லாஹ்!" லாத்தா நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்தப் பையன் எழுந்து கோட்டைக் கழற்றியபடி உள்ளே போனான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இந்தப் பக்கம் நஸ்ரின் இல்லை, மாடிக்குப் போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். ஊர் பார்க்கத்தான் கேட்டோம் லாத்தா, சத்தியமாக ஊர் பார்க்கத்தான்.

லாத்தா பலகாரத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு குரலில் இருந்த தேனையெல்லாம் எடுத்துவிட்டுப் பேசினார்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னாமா? ஊர்னா வேற மாதிரி சொல்லியிருப்பேன்ல. ஞாயித்துக்கெழம ஒரு கட தொறக்காது. ஆகஸ்ட்ல ஊரே காலியாக் கெடக்கும். டாக்டர பாக்க மாசக்கணக்குல காத்துக்கெடக்கணும். இங்க தங்குறதுக்கான கார்டு புதுப்பிக்கிற ஆபீஸ்ல அழுவாம வெளிய வந்தவங்களே கெடையாது. மொத வருஷம் நான் ஜன்னல்கிட்ட நின்னு அழுவாத நாளு இல்ல. அப்போ எனக்குப் புள்ளைங்க கூட இருந்துச்சு. உங்களுக்கு..."



7

அடுத்த நாள் நானும் நஸ்ரினும் ஐசலினுக்குக் காரில் போனோம். அவள்தான் ஓட்டினாள். பார்க்வேயில் ஏறும்வரை பொறுத்திருந்தேன். ஓடுகிற காரிலிருந்து எழுந்து போக முடியாதல்லவா.

"என்கிட்ட ஏன் சொல்லல? முன்னப்பின்ன தெரியாத பொம்பளகிட்ட சொல்ற!"

"உன்கிட்ட சொன்னா, யாரு சொல்லிக் குடுத்தான்னு கேப்ப."

உண்மைதான். கேட்டிருப்பேன்.

"உனக்காகத்தாண்டி போறோம். உனக்காகத்தான் இத்தன விசாரண."

"ஐ நெவர் ஆஸ்க்ட் யூ டு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டியை நிறுத்து, இறங்கிக்கொள்கிறேன் என்று கத்தினேன். ஹைவேயில் எங்கே இறங்குவது? அவள் ஓரத்து லேனுக்கு மாறினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னாள்.

"உம்மா, ரெண்டு வயசுல நீங்க என்னக் கூட்டிட்டு வந்தீங்க. எனக்கு வேற ஊர் தெரியாது. நீங்க போனா வாப்பா விசா முடிஞ்சுடும், அதான் ஸ்டூடன்ட் விசாக்கு காலேஜ்ல பேசிட்டேன். அப்புறம் ஒருநாள் போன்னு சொன்னாங்கன்னா போறேன். அதுக்கு முன்னாடி நானே போகணுமா?"

"அப்போ லிஃப்ட் இருக்கா, டாக்டர் இருக்காரான்னெல்லாம் எதுக்குடி கேட்ட?"

"உனக்கு முட்டி வலி. வாப்பாக்கு சுகர். நீ என் ஸ்கூலப் பத்தித்தான் கேப்ப. உனக்காக யாரு கேக்குறது?"

ஐசலினில் நம்மவர்கள் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் வண்டியை நிறுத்தினாள். நான் இறங்கவில்லை. நகைக்கடைக்கு முன்னால், கல்யாண ஜவுளிப் பை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் பார்க்க, சீட் பெல்ட்டோடு உட்கார்ந்து அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை சின்னவளாக இருக்கும்போது தடுப்பூசி போடும் இடத்தில் நான் அவள் கையை அப்படிப் பிடித்திருக்கிறேன். அவளை நம்பவில்லையா, அமெரிக்காவை நம்பவில்லையா, என்னையே நம்பவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

காரில் பேசியதைக் கலீலிடம் சொன்னேன். மாடிக்குப் போய் மகளின் கதவைத் தட்டினார். ரொம்ப நேரம் உள்ளே இருந்தார். கீழே வந்தபோது கண் சிவந்திருந்தது. "இருக்கட்டும் நூரு" என்றார்.

8

ஆபீஸில் ஊர்ப் பெயரைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். "துலூஸ்னே சொல்லிடலாம். வெயில் இருக்கு, லாத்தா இருக்காங்க" என்றார் கலீல். நியாயம்தான். இத்தனைக்குப் பிறகும் லாத்தா கோபப்படவில்லை, வந்தால் பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்துத் தருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தார். கூப்பிட்டேன். இந்த முறை எதையும் மறைக்கவில்லை.

"லாத்தா, துலூஸ்லேர்ந்து எங்க நியூவர்க் ஏர்போர்ட்டுக்கு நேரா பிளேன் இருக்கா?"

"இல்லம்மா. பாரிஸ் போய்த்தான் மாறணும்."

"கிரெனோபிள்லேர்ந்து?"

"அங்கேர்ந்தும் அப்படித்தான்."

"லில்?"

"லில்லா! அங்க என்னா இருக்கு, வானம் வெளுத்து ஒரு நாளு பாக்க முடியாது. பாரிஸ் ஏர்போர்ட்டுக்கு மட்டும் ரயிலு நேராப் போவும். எதுக்குக் கேக்குற?"

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது கலீலிடம் லில் என்று சொன்னேன். படங்களைக் காட்டிய அந்த அம்மாளே அவசரமாகத் தாண்டிப்போன ஊர். அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கலீல் ஏன் என்று கேட்கவில்லை. நஸ்ரின்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏன் லில்?"

"ரயில் நேரா ஏர்போர்ட்டுக்குள்ளயே போகுதாம். அங்கேர்ந்து ஒரே பிளேன். நீ கூப்பிட்டா அன்னிக்கே கெளம்பி வந்துடலாம்."

அவள் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"உம்மா, லில்ல வருஷம் பூரா மழ பெய்யும்."

"பெய்யட்டும்" என்றேன்.